ஆல்பா சென்டாரியின் அந்தரங்கம்

ஜூன் மாதத்தில் ராத்திரி ஒன்பது மணி வாக்கில் செஞ்சிக்குப் பக்கத்தில் தொண்டூர்ப் பாறை மேல் ஏறித் தெற்கே பாருங்கள். அடிவானத்துக்குக் கொஞ்சம் மேலே பளிச்சென்று ஒன்று நிற்கும். அதுதான் ஆல்பா சென்டாரி. ஒண்டிக்கட்டை மாதிரி எவ்வளவு சாதுவாக நிற்கிறது! அத்தனையும் நடிப்பு.

அந்த வேஷம் கலைந்தது எங்கே என்கிறீர்கள்? நம்ம புதுச்சேரியில்! 1689 டிசம்பர். சயாமில் வெடித்த கலகத்துக்குத் தப்பி வந்திருந்த ஏசு சபைப் பாதிரியார் ழான் ரிஷோ, தொலைநோக்கியில் ஒரு வால்நட்சத்திரத்தைத் துரத்திக்கொண்டிருந்தார். நடுவில் ஆல்பா சென்டாரி அகப்பட்டது. பார்த்தால், இரண்டு! அந்த நாட்களில்தான் ஔரங்கசீப்பின் படைக்குத் தப்பிய மராட்டிய ராஜாராம் செஞ்சிக் கோட்டைக்குள் வந்து சேர்ந்திருந்தார். கோட்டையில் அவ்வளவு அமர்க்களம், கடற்கரையில் ஒரு பாதிரியார் வானத்தை வேவு பார்க்கிறார்!

இரண்டும் ஒன்றையொன்று சுற்றுவதை எப்படிப் பிடித்தார்கள்? கூத்தே அங்கேதான். ரிஷோவுக்குப் பின்னால் வந்த தொலைநோக்கிகளின் கண்பக்கத்தில் மைக்ரோமீட்டர் என்ற அளவுகருவி இருக்கும். அதற்குள் நிஜமான சிலந்தி நூல்! ஒரு இழை ஒரு நட்சத்திரத்தின் மேல், இன்னொரு இழை அடுத்ததன் மேல். இடைவெளி எவ்வளவு, வடக்கிலிருந்து எத்தனை டிகிரி என்று குறித்தால் காகிதத்தில் ஒரு புள்ளி. அப்புறம் வருஷக்கணக்கில் புள்ளிகள். மெல்ல மெல்ல ஒரு நீள்வட்டம் எழும். இந்த ஜோடிக்கு ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 80 வருஷம், தொடங்கியவர் முடிப்பதில்லை.

கூலி பிரமாதம். இரண்டுக்கும் சராசரி இடைவெளி, பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரத்தைப்போல் 23.5 மடங்கு. மூன்று 23.5-ஐ ஒன்றோடொன்று பெருக்கி, 80-இன் வர்க்கத்தால் வகுங்கள். விடை சுமார் இரண்டு. அதாவது, ஜோடியின் மொத்த நிறை இரண்டு சூரியன். தராசே வேண்டாம்!

சென்னை வானாய்வகத்தில் கேப்டன் ஜேக்கப்புக்கு இதே பித்து. 70 ஒபியூக்கி என்ற ஜோடியின் பாதை கோணுகிறதே, கண்ணுக்குத் தெரியாத கோள் இழுக்கிறதோ என்று 1855-இல் எழுதினார். அந்தக் கோள் கதை நிலைக்கவில்லை. ஆனால் நட்சத்திரத்தின் தள்ளாட்டத்தை வைத்துக் கோளைப் பிடிப்பது இன்று வெற்றிகரமான தொழில்.

இப்போது சிலந்திக்கு வேலை போய்விட்டது. காவலூர் வானாய்வகத்தின் 2.34 மீட்டர் தொலைநோக்கியில், காற்று நடுங்கும் முன்பே கண்ணிமைக்கும் நேரத்துக்கும் குறைவாகப் பதியும் படங்களைச் சரசரவென்று எடுத்து, கணினியில் சேர்த்து, ஒட்டிக் கிடக்கும் ஜோடிகளைப் பிரித்துப் பார்த்தார்கள்.

ஆல்பா சென்டாரி வீட்டில் மூன்றாவது ஆளும் உண்டு. 1915-இல் அகப்பட்ட பிராக்சிமா. அது ஒரு சுற்று முடிக்க ஐந்து லட்சம் வருஷத்துக்கு மேல். புள்ளி வைக்க ஆள் எடுக்கிறார்கள் என்றால் சொல்லுங்கள், நான் வருகிறேன்!