உஷார்! பிரசவ வலியில் கையெழுத்துப் போடாதீர்கள்

தங்கவயல் அக்கா தங்கச்சிகளே, உஷார்! இரண்டாவது பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் சேரும்போதே, "இதோட கருத்தடை ஆபரேஷனும் முடிச்சிடலாமா?" என்ற கேள்வி வந்துவிடுகிறது. ஒரு பக்கம் வலி, ஒரு பக்கம் வீட்டாரின் அவசரம். என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்காமலே கையெழுத்து விழுந்துவிடுகிறது. எளிதில் மாற்ற முடியாத முடிவுக்கு இதைவிட மோசமான நேரம் கிடையாது.

2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, கர்நாடகாவில் 15 முதல் 49 வயதுக்குள் உள்ள திருமணமான பெண்களில் 100க்கு 57 பேர் கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். நாடு முழுக்க எடுத்தால் 38 பேர். காப்பர்-டி வைத்தவர்களோ நாட்டில் 100க்கு 2 பேர்தான். ஆண்கள் ஆபரேஷனை நம்பியிருப்பவர்கள் 1,000க்கு 3 பேர்.

விஷயம் தெரிந்த பெண்கள் தங்களுக்கு எதைத் தேர்ந்தெடுக்கிறார்கள்? குடும்பக் கட்டுப்பாடு சிகிச்சை தரும் அமெரிக்கப் பெண்களைப் பற்றி 2015இல் ஒரு ஆய்வு வெளியானது. கருத்தடை பயன்படுத்துபவர்களில் 100க்கு 42 பேர், காப்பர்-டி போன்ற சாதனத்தையோ கையில் பொருத்தும் குச்சியையோ வைத்திருந்தார்கள். மற்ற பெண்களில் 12 பேர்தான். இவை பல வருஷம் காக்கும். வேண்டாம் என்றால் எடுத்துவிடலாம். அந்தக் கணக்கு அப்படியே நம் ஊருக்குப் பொருந்தாது. ஆனால் எல்லா வழியும் தெரிந்தவர்களின் தேர்வு வேறாக இருப்பதை அது காட்டுகிறது. உங்களுக்கு எல்லா வழியும் சொல்லப்பட்டதா?

ஆபரேஷன் தப்பில்லை. தெரிந்து செய்துகொள்ளுங்கள். ஆபரேஷனில் அடைத்த கருக்குழாயை மறுபடி சேர்த்தாலும் கரு நிற்கும் என்று யாரும் உறுதி தர முடியாது. அவசர அவசரமாக நடந்த ஆபரேஷன் முகாம்களில் உயிர்களும் போயிருக்கின்றன: 2014 நவம்பரில் சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் அருகே ஒரே முகாமில் சில மணி நேரத்தில் 83 பெண்களுக்கு ஆபரேஷன் நடந்தது. அந்த மாவட்டத்தில் அப்போது நடந்த முகாம்களில் ஆபரேஷன் செய்துகொண்ட 13 பெண்கள் இறந்தார்கள். இத்தகைய முகாம்களை மூன்று ஆண்டுகளுக்குள் நிறுத்தும்படி 2016இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது.

இன்னொரு ஆபத்து மெடிக்கல் ஷாப்பில் இருக்கிறது. 2001இல் நம் தங்கச் சுரங்கம் மூடிய பிறகு, மாரிக்குப்பத்தில் ரயில் ஏறி பெங்களூரு வேலைக்குப் போய்வரும் பெண்களுக்கு ஆஸ்பத்திரி வரிசையில் நிற்க நேரம் ஏது? கடை மாத்திரைதான் கைக்கு எட்டுகிறது. உறவுக்குப் பின் 72 மணி நேரத்துக்குள் போடும் அவசர மாத்திரை எப்போதாவது ஒருமுறைக்கு மட்டும். மாதாமாதம் அதையே நம்பினால் கரு நின்றுவிடலாம். கருக்கலைப்பு மாத்திரையை டாக்டரைப் பார்க்காமல் போடவே போடாதீர்கள். குழாயில் கரு தங்கியிருந்தால் அந்த மாத்திரை வேலை செய்யாது, குழாய் வெடித்து உயிருக்கே ஆபத்தாகலாம். கருக்கலைப்பு மாத்திரை போட்ட பிறகு மணிக்கு இரண்டு நாப்கின் வீதம் தொடர்ந்து இரண்டு மணி நேரம் நனைந்தால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

அரசு ஆஸ்பத்திரியில் இலவசமாகக் கிடைப்பவை, இவற்றைப் பற்றிக் கேளுங்கள்:

• காப்பர்-டி 380ஏ: 10 வருஷம் வரை காக்கும். மாதவிலக்கில் உதிரப்போக்கு கூடலாம். ரத்தசோகை இருந்தால் முதலிலேயே சொல்லுங்கள்.

• அந்தரா ஊசி: மூன்று மாதத்துக்கு ஒன்று. நிறுத்திய பின் கரு நிற்கச் சில மாதங்கள் ஆகும்.

• சாயா மாத்திரை: முதல் மூன்று மாதம் வாரம் இருமுறை, பிறகு வாரம் ஒருமுறை. ஹார்மோன் கிடையாது.

• கணவருக்கு ஆபரேஷன்: கத்தி, தையல் இல்லை. மூன்று மாதம் கழித்துப் பரிசோதனையில் விந்தணு இல்லை என்று தெரியும்வரை ஆணுறை கட்டாயம்.

சம்மதப் படிவம் கன்னடத்தில் இருந்து, உங்களுக்குப் படிக்க வராவிட்டால், தமிழில் வாசித்துச் சொல்லச் சொல்லுங்கள். உங்கள் ஆபரேஷனுக்குக் கணவர் சம்மதம் சட்டப்படி தேவையில்லை. உங்கள் சம்மதம் இல்லாமல் யாரும் செய்யவும் கூடாது.

தாயி கார்டோடு கர்ப்ப காலச் செக்கப்புக்குப் போகும் மாதங்களிலேயே நர்ஸிடம் நேராகக் கேளுங்கள்: "சிஸ்டர், என் இடத்தில் நீங்க இருந்தா எதைப் போட்டுக்குவீங்க? ஏன்?" பதிலைக் கேட்டு, வீட்டில் யோசித்து, வலி வருவதற்கு முன்பே முடிவெடுங்கள்.