கொழும்பு முதல் வாவிக்கரை வரை

கொழும்பிலே தொடங்கி இரத்தினபுரி வழியாக ஊவா மலைக்கு ஏறி, வெல்லவாயாவில் சமவெளிக்கு இறங்கி, பொத்துவிலுக்கு அப்பால் வடக்கே திரும்பி, களுவாஞ்சிக்குடி, காத்தான்குடி முதலிய வாவிக்கரை ஊர்களைக் கடந்து மட்டக்களப்பை அடைகிறது 'ஏ 4' பெருந்தெரு. அதன் நீளம் ஏறத்தாழ 430 கிலோமீற்றர்.

நமுனுகுல மலையை இத்தெரு தொடுவதில்லை. 2,036 மீற்றர் உயரமுள்ள அம்மலையைச் சூழ்ந்த தோட்டங்களின் மக்கள் பண்டாரவளை, அப்புத்தளை வழியே பெரகலைச் சந்திக்கு வந்து இதிற் சேரலாம். மட்டக்களப்புக்குச் செல்வோர்க்கோ பசறைக்கு இறங்கி, பிபிலை, செங்கலடி எனச் செல்லும் 'ஏ 5' தெருவே அண்மைவழி.

மலைத்தெரு மழைக்காலத்தில் உடைவது ஏன்? சரிவை வெட்டித் தெரு அமைக்குங்கால், மேலுள்ள மண் தன் தாங்கலை இழக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழை அதனுள் ஊறும்போது மண்ணின் பாரம் பெருகுகிறது, பிடிப்போ தளர்கிறது. தோட்டத்தார் 'கான்' என வழங்கும் வடிகால்கள் தூர்ந்திருந்தால், மேல்நீர் வழிந்தோட இடமின்றி மண்ணுக்குள்ளேயே இறங்கும். கான் வெட்டும் தொழிலாளியைத் தெருவின் காவலாளி என்று எவரும் சொல்வதில்லை, சொல்லத்தான் வேண்டும்.

2014 ஒக்டோபர் 29 அன்று, இத்தெருவிலுள்ள கொஸ்லாந்தைக்கு அருகே, மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயன்களைப் புதைத்தது. அபாயமான இடமென்று முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தது. ஆயினும், லயத்தை விட்டுப் போகச் சொந்த நிலமோ வீடோ இல்லாதவர்கள் அங்கேயே இருந்தனர். புதிய வீடுகள் அதற்குப் பின்னரே எழுந்தன.