பாட்டுக்கு முகம் எதற்கு?

"அந்தப் பாட்டைக் கேட்டீர்களா?" என்று ஒருகாலத்தில் கேட்டுக்கொண்டோம். இப்போது என்னிடம் படிக்கும் பிள்ளைகள், "ரீச்சர், அந்தப் பாட்டுப் பாத்தனீங்களோ?" என்று கேட்கிறார்கள். ஒரு சொல்தான் மாறியிருக்கிறது. ஆனால் பாட்டு காதிலிருந்து கண்ணுக்கு இடம்பெயர்ந்த கதை அந்த ஒரு சொல்லுக்குள் இருக்கிறது.

நான் வாய்ப்பாட்டும் வயலினும் கற்பிப்பவள். தொலைக்காட்சி, பாடல் வீடியோ, ட்ரெயிலர் என்று நாம் சொல்லும் திரைப்பட முன்னோட்டம் ஆகியவற்றைப் பற்றி என் மனதில் பட்டவற்றை உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். இவை வெறும் பொழுதுபோக்குத்தானே என்று நாம் நினைக்கலாம். ஆனால் யார் பாடலாம், எப்படிப்பட்டவளின் குரல் கேட்கத் தகுந்தது என்பதையும் இவை சொல்லாமற் சொல்கின்றன. போரில் கணவனை, பிள்ளையை, உடலின் ஓர் அங்கத்தை இழந்தவர்கள் நடுவில் வாழும் எமக்கு இது சின்ன விடயமன்று.

காதால் மட்டும் கேட்ட காலம்

இலங்கையில் தொலைக்காட்சி 1979ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் ஐ.ரி.என். ஒளிபரப்புடன் தொடங்கியது. ரூபவாஹினி 1982 பெப்ரவரியில் வந்தது. வடக்கில் சிலர் உயரமான அன்ரெனா நாட்டி இந்தியத் தூரதர்ஷனையும் பிடித்தார்கள். 'ஒலியும் ஒளியும்' நிகழ்ச்சிக்காக அயல் முழுவதும் ஒரே வீட்டு விறாந்தையில் கூடியதை மூத்தவர்கள் மறந்திருக்கமாட்டார்கள்.

அதற்குமுன் எமக்கிருந்தது வானொலி. இலங்கை வானொலியின் தமிழ் ஒலிபரப்பைத் தமிழ்நாட்டிலும் விரும்பிக் கேட்டார்கள். பாடகியின் முகம் எவருக்கும் தெரியாது. அவர் கறுப்பா சிவப்பா, மெலிவா பருமனா, பொட்டு வைத்தவரா வைக்காதவரா என்று ஒருவரும் கேட்கவில்லை. குரல் பிடித்தது, கேட்டோம்.

1990ஆம் ஆண்டு யூன் மாதத்தில் போர் மீண்டும் மூண்டபின் யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் நின்றுபோயிற்று. பற்றரியும் தடைசெய்யப்பட்ட பொருளாயிற்று. எனினும் சனங்கள் பாட்டை விடவில்லை. சைக்கிளைக் கவிழ்த்துவைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வரும் மின்சாரத்தில் றேடியோவையும் கசெற்றையும் இயக்கினோம். சுற்றுகிற கை களைத்தால் கசெற்றின் வேகம் குறையும். பாடகரின் சுருதி இறங்கிவிடும். "சுருதி போகுது, சுத்து சுத்து" என்று எல்லோரும் கத்துவோம். சுருதி என்றால் என்ன என்பதை அயலிலுள்ள சின்னப் பிள்ளைகள்கூட அப்படித்தான் அறிந்துகொண்டார்கள். பார்ப்பதற்கு ஒன்றும் இல்லாதபடியால் காது கூர்மையாக இருந்தது.

குரல் ஒருவருடையது, முகம் ஒருவருடையது

ஆரம்பகாலத் தமிழ்ப் படங்களில் நடித்தவர்களே பாடினார்கள். 1938இல் வந்த 'நந்தகுமார்' படத்தோடு, ஒருவர் பாட இன்னொருவர் வாயசைக்கும் பின்னணிப் பாடல் முறை தமிழில் தொடங்கியது. அதன்பின் குரலும் முகமும் பிரிந்தன. இந்தப் பிரிவில் ஒரு நன்மையும் இருந்தது. எஸ். ஜானகி நாற்பது வயதைக் கடந்த பின்னும் சிறு குழந்தையின் குரலில் பாடினார். திரையில் தெரிந்தது குழந்தை; பாடியது நடுவயதுப் பெண். குரலுக்கு வயதில்லை என்பதற்கு இதைவிட வேறென்ன சான்று வேண்டும்?

பாடல் வீடியோ என்ற தனி வடிவம் உலகெங்கும் பரவ 1981 ஓகஸ்ட் 1ஆம் திகதி அமெரிக்காவில் தொடங்கிய எம்.ரி.வி. அலைவரிசை பெரிய காரணமாயிற்று. அது முதலில் காட்டிய பாடலின் தலைப்பே, வானொலி நட்சத்திரத்தை வீடியோ கொன்றுவிட்டது என்ற பொருள் கொண்டது. 2005இல் யூரியூப் வந்தது. பின்னர் கைத்தொலைபேசி ஒவ்வொன்றும் தொலைக்காட்சியாகிவிட்டது.

இன்றைய வீடியோவில் காட்சி இரண்டு மூன்று செக்கனுக்கு ஒருமுறை மாறுகிறது. கண் அந்த வேகத்துக்குப் பழகிவிட்டால், ஒரு இராகத்தை மெல்ல மெல்ல விரிக்கும் ஆலாபனைக்குக் காது பொறுமையாக இருக்காது. வகுப்பில் இதை நான் நாளாந்தம் காண்கிறேன்.

வீடியோவில் நாம் காண்பது எப்படிச் செய்யப்படுகிறது என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டும். தலைமுடி காற்றில் மெதுவாகப் பறக்க, நடிகை மிதந்து வருகிறாரே, அதை எடுப்பதற்குப் பாடலை இருமடங்கு வேகத்தில் ஒலிக்கவிடுவார்கள். நடிகை அந்த வேகத்தில் அவசர அவசரமாக வாயசைப்பார். கமரா செக்கனுக்கு வழமையான 24 படங்களுக்குப் பதிலாக 48 படங்களைப் பிடிக்கும். அதைச் சாதாரண வேகத்தில் ஓட்டினால் உடல் மிதக்கும், உதடு பாட்டோடு பொருந்தும். இதை விளக்கியபோது ஒரு மாணவி, "அப்ப உண்மையில அவ துள்ளித் துள்ளித்தான் ஆடியிருக்கிறா" என்று சொல்லிச் சிரித்தாள். அன்றிலிருந்து அவள் தன்னை அந்த நடிகையோடு ஒப்பிடுவது குறைந்துவிட்டது.

திரையால் நான் அடைந்த பயனையும் மறைக்கக்கூடாது. பெரிய வித்துவான்களின் வயலின் வில் எப்படி நகர்கிறது, வீணைத் தந்தியில் விரல் எங்கே அழுத்துகிறது என்பவற்றை எமது பிள்ளைகள் ஊரிலிருந்தபடியே பார்க்கிறார்கள். கையைக் காட்டும் திரை எனக்கு உதவி. முகத்தை மட்டும் காட்டும் திரையைப் பற்றித்தான் கவலை.

வெள்ளைச் சேலையில் ஒரு குரல்

எமது மாலை வகுப்புக்கு வளர்ந்த பெண்களும் வருவதுண்டு. அவர்களில் ஒருவரின் கணவர் 2009இல் காணாமலாக்கப்பட்டார். பொட்டு வைப்பதா விடுவதா என்று தெரியாமலே அவரின் வருடங்கள் கழிந்தன. நல்ல குரல். ஆனால் பாடச் சொன்னால், "நான் பாடினா சனம் என்ன சொல்லும்? பாடுற ஆக்களை ரிவியில பாக்கிறனான்தானே. என்ர கோலத்துக்குப் பாட்டோ?" என்பார்.

நான் அவருக்குக் கே. பி. சுந்தராம்பாளின் கதையைச் சொன்னேன். கொடுமுடியில் 1908இல் ஏழ்மையில் பிறந்தவர். எமது கொழும்பு நாடகமேடையிலும் எஸ். ஜி. கிட்டப்பாவுடன் சேர்ந்து நடித்துப் பாடியவர். அவரையே மணந்தார். 1933இல் கிட்டப்பா காலமானபோது சுந்தராம்பாளுக்கு வயது இருபத்தைந்து. வெள்ளைச் சேலையும் நெற்றியில் திருநீறுமாக ஒதுங்கியிருந்தவர், பின்னர் மீண்டும் பாட வந்தார். 1935இல் 'நந்தனார்' படத்தில் ஆண் வேடத்தில் நடித்துப் பாடினார். அதற்கு அவர் பெற்ற ஊதியம் ஒரு இலட்சம் ரூபா. அந்நாளில் அது பெரும் தொகை. 1953இல் 'ஔவையார்', 1965இல் 'திருவிளையாடல்' என்று கமரா அவரைத் தேடிப் போனது. அவர் திருநீற்றையும் வெள்ளைச் சேலையையும் கைவிடவில்லை, பாட்டையும் கைவிடவில்லை.

கதையைக் கேட்ட அந்தச் சகோதரி சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "கதவுக்குப் பின்னால நிண்டு பாடட்டோ?" என்று கேட்டார். "வானொலியில் பாடினவையும் அப்படித்தானே" என்றேன். கதவுக்குப் பின்னாலிருந்து தாலாட்டு ஒன்று வந்தது. ஏழு எட்டுக் கிழமை அப்படியே பாடினார். பின்பு ஒருநாள், தாளம் சரியாகக் கேட்கவில்லை என்று சொல்லித் தானாகவே உள்ளே வந்து பாயில் இருந்துவிட்டார். அவரை ஒருவரும் கூப்பிடவில்லை.

ட்ரெயிலரின் இடி

இனி ட்ரெயிலருக்கு வருவோம். ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்குப் பின்னால் இழுபட்டு வருவது என்று பொருள். தொடக்கத்தில் அது படம் முடிந்தபின் காட்டப்பட்டது. இப்போது முன்னே வந்து இழுக்கிறது.

இசை தெரிந்தவளாக ட்ரெயிலரைக் கேட்டால் அதன் உத்தி விளங்கும். முதலில் மெல்லிய ஓசை. அது படிப்படியாக ஏறும். உச்சியில் திடீரென நிசப்தம். பிறகு ஒரு பேரிடி. நிசப்தத்தில் எமது காது அகலத் திறந்து காத்திருக்கும். அப்போது அடித்தால்தான் அடி பலமாக விழும். அடியிலே முழங்கும் கனத்த ஓசையைக் காதைவிட நெஞ்சு முதலில் உணரும். விளம்பரங்களில் மெல்லிய ஓசைகளையும் உயர்த்தி எல்லாவற்றையும் ஒரே மட்டத்தில் இறுக்கிவிடுவார்கள். அதனால் நிகழ்ச்சியைவிட அவை பெரிதாகக் கேட்கும். இதற்கு எதிராக அமெரிக்காவில் 2010இல் சட்டமே இயற்றினார்கள். அது 2012 டிசெம்பரில் நடைமுறைக்கு வந்தது.

நிசப்தம், பிறகு இடி. இந்த ஒழுங்கு எமக்குப் பழக்கமானது. பங்கருக்குள் இருந்து செல் சத்தத்தை எண்ணியவர்கள் நாம். எனவே ட்ரெயிலர் வரும்போது கை நடுங்குவதும், பிள்ளையை இழுத்து அணைப்பதும் பலவீனமன்று. உடல் தான் கற்றதை மறக்கவில்லை என்பதுதான் பொருள். அதற்காக வெட்கப்படத் தேவையில்லை.

செய்யக்கூடியவை சில உண்டு. றிமோட்டை உங்கள் கைக்கு எட்டும் இடத்தில் வைத்து, விளம்பர இடைவேளையில் சத்தத்தை நிறுத்துங்கள். சில பெட்டிகளில் ஒலியைத் தானாகவே சமப்படுத்தும் வசதி உள்ளது. பிள்ளைகளைக் கேட்டால் அதைப் போட்டுத் தருவார்கள். திடுக்கிட்டுவிட்டால் உங்களுக்கு வசதியான தாழ்ந்த சுருதியில் வாயை மூடி "ம்ம்" என்று நீளமாக முனகுங்கள். மூச்சு மெதுவாக வெளியேற, படபடப்பும் தணியும். நாட்கணக்கில் நித்திரை குழம்பினால் வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குப் போகத் தயங்கவேண்டாம்.

ஒரு சின்னப் பயிற்சி

கிழமையில் ஒருநாள், ஒரு பாட்டுக்கு மட்டும், கைத்தொலைபேசியின் முகத்தை மேசையில் கவிழ்த்துவைத்துக் கேளுங்கள். பிள்ளைகளையும் கூட இருத்துங்கள். முதல் வந்த வாத்தியம் எது? பாடுபவர் எங்கே மூச்செடுக்கிறார்? பின்னால் தம்பூரா கேட்கிறதா? இப்படிக் கேட்டுப் பாருங்கள். படத்தோடு பலமுறை பார்த்த பாட்டிலும் புதிதாக ஏதோ கேட்கும்.

பிறகு நீங்கள் பாடுங்கள். தாலாட்டும் கும்மியும் நாற்று நடும் பாட்டும் ஒப்பாரியும் எமது தாய்மார் எந்தக் கமராவுக்கும் காட்டாமல் பாடியவை. அடுப்படியிலும் வயலிலும் செத்தவீட்டிலும் பாடினார்கள். தங்கள் முகம் எப்படியிருக்கிறது என்று அவர்கள் யாரையும் கேட்டுவிட்டுப் பாடவில்லை. அந்தப் பாட்டுக்களில் ஒன்றிரண்டாவது உங்களுக்குத் தெரிந்திருக்கும். இன்றிரவு பிள்ளையையோ பேரப்பிள்ளையையோ படுக்கவைக்கும்போது ரி.வி.யை நிறுத்திவிட்டு, அதைப் பாடுங்கள்.