1990களின் தொடக்கப் பாப் தரவரிசைப் பாடல்களும் நினைவேக்கமும்

1990களின் தொடக்கப் பாப் தரவரிசைப் பாடல்கள் என்பவை, ஏறத்தாழ 1990 முதல் 1994 வரை ஐக்கிய இராச்சியத்திலும் அமெரிக்காவிலும் வாரந்தோறும் வெளியான பாடல் தரவரிசைகளில் முன்னிடம் பெற்ற பாடல்கள் ஆகும். அந்நாட்களில் இளமைப் பருவத்தில் இருந்தவர்கள் இன்று ஐம்பது வயதை ஒட்டியவர்கள். "அன்றைய பாட்டு போல இன்று இல்லை" என்ற கருத்தை இவர்களிடம் அடிக்கடி கேட்கலாம். இவ்வாறு கடந்த காலத்தை எண்ணி ஏங்கும் மனநிலை நினைவேக்கம் எனப்படுகிறது. இப்பாடல்களைப் பற்றிய நினைவேக்கக் கருத்துகளில் எவை அக்காலப் பதிவுகளோடு பொருந்துகின்றன, எவை பொருந்தவில்லை என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

தரவரிசை என்பது என்ன?

பாடல் தரவரிசை என்பது ஒரு குறிப்பிட்ட வாரத்தில் எந்தப் பாடல் அதிகம் விற்றது, அல்லது அதிகம் ஒலிபரப்பானது என்பதைக் காட்டும் பட்டியல். அது பாடலின் தரத்தை அளப்பதில்லை. ஐக்கிய இராச்சியத்தின் முதல் விற்பனைத் தரவரிசை 1952 நவம்பரில் 'நியூ மியூசிக்கல் எக்ஸ்பிரஸ்' இதழில் வெளியானது. அதில் 12 இடங்கள் மட்டுமே இருந்தன.

1990களின் தொடக்கத்தில் அந்நாட்டுத் தரவரிசை, 'சிங்கிள்' எனப்படும் ஒற்றைப்பாடல் வெளியீடுகளின் விற்பனையை மட்டும் கணக்கில் கொண்டது. இசைத்தட்டு, கேசட், குறுந்தகடு ஆகிய மூன்று வடிவங்களிலும் ஒற்றைப்பாடல்கள் விற்கப்பட்டன. தேர்ந்தெடுத்த கடைகளின் விற்பனையைக் கொண்டு காலப் நிறுவனம் பட்டியலைத் தொகுத்தது. ஞாயிறு மாலை பிபிசி ரேடியோ 1 அதனை அறிவித்தது. வாரத்தின் இடையில் 'டாப் ஆஃப் தி பாப்ஸ்' என்னும் தொலைக்காட்சி நிகழ்ச்சி அப்பாடல்களைக் காட்டியது. 1964இல் தொடங்கிய இந்நிகழ்ச்சி 2006 வரை வாரந்தோறும் ஒளிபரப்பானது.

அமெரிக்காவில் 'பில்போர்ட்' இதழின் 'ஹாட் 100' பட்டியல், விற்பனையையும் வானொலி ஒலிபரப்பையும் சேர்த்துக் கணக்கிட்டது. ஆனால் ஒற்றைப்பாடலாகக் கடைக்கு வராத பாடல் அதில் இடம்பெற முடியாது என்ற விதி 1998 இறுதி வரை இருந்தது. இதனால் நாடெங்கும் ஒலித்த சில பாடல்களின் பெயரே பட்டியலில் இல்லை. அக்காலத்தை அறிய விரும்புபவர் மனத்தில் கொள்ள வேண்டிய முதல் செய்தி இது.

1991ஆம் ஆண்டின் மாற்றம்

1991 வரை பில்போர்ட் இதழின் விற்பனைக் கணக்கு, கடைக்காரர்கள் தொலைபேசி வழியே சொன்ன மதிப்பீடுகளைப் பெரிதும் சார்ந்திருந்தது. எது நன்றாக விற்கிறது என்று கடைக்காரர் நினைத்தாரோ அதுவே கணக்காயிற்று. 1991 மே மாதம் இசைத்தொகுப்புகளுக்கும், நவம்பரில் ஹாட் 100 பட்டியலுக்கும் 'சவுண்ட்ஸ்கேன்' முறை வந்தது. கடையில் பொருளின் பட்டைக்குறியை வருடும்போது பதிவாகும் உண்மையான விற்பனை எண்ணிக்கையே இதன் அடிப்படை.

விளைவு உடனே தெரிந்தது. கடைக்காரர்கள் குறைத்து மதிப்பிட்டிருந்த ராப் இசையும் நாட்டுப்புறப் பாங்கான கன்ட்ரி இசையும் மேலே வந்தன. 1991 ஜூனில் 'என்.டபிள்யூ.ஏ.' என்னும் ராப் குழுவின் தொகுப்பும், செப்டம்பரில் கன்ட்ரி பாடகர் கார்த் புரூக்ஸின் தொகுப்பும் முதலிடம் பெற்றன. 1992 ஜனவரியில் நிர்வாணா குழுவின் 'நெவர்மைண்ட்', மைக்கேல் ஜாக்சனின் 'டேஞ்சரஸ்' தொகுப்பை முதலிடத்திலிருந்து இறக்கியது. "திடீரென்று மக்களின் இரசனை மாறிவிட்டது" என்று நினைவுகூரப்படும் அந்த ஆண்டில், எண்ணும் முறையும் மாறியிருந்தது.

முதல் கருத்து: "அன்று எல்லோரும் ஒரே பாட்டைக் கேட்டோம்"

இக்கருத்துக்குப் பதிவுகளில் வலுவான ஆதாரம் உண்டு. அக்காலத்தில் சில பாடல்கள் மாதக்கணக்கில் முதலிடத்தில் இருந்தன.

- பிரையன் ஆடம்ஸ் பாடிய '(எவ்ரிதிங் ஐ டூ) ஐ டூ இட் ஃபார் யூ' 1991இல் ஐக்கிய இராச்சியத்தில் தொடர்ந்து 16 வாரங்கள் முதலிடம் வகித்தது. இது 'ராபின் ஹுட்: பிரின்ஸ் ஆஃப் தீவ்ஸ்' திரைப்படப் பாடல்.
- பாய்ஸ் டு மென் குழுவின் 'எண்ட் ஆஃப் தி ரோட்' 1992இல் அமெரிக்காவில் 13 வாரங்கள் முதலிடத்தில் இருந்தது.
- விட்னி ஹூஸ்டன் பாடிய 'ஐ வில் ஆல்வேஸ் லவ் யூ' அந்தச் சாதனையைச் சில மாதங்களிலேயே முறியடித்தது. அமெரிக்காவில் 14 வாரங்களும் ஐக்கிய இராச்சியத்தில் 10 வாரங்களும் அது முதலிடம் வகித்தது. இது 'தி பாடிகார்ட்' (1992) திரைப்படத்தில் இடம்பெற்றது.
- வெட் வெட் வெட் குழுவின் 'லவ் இஸ் ஆல் அரவுண்ட்' 1994இல் ஐக்கிய இராச்சியத்தில் 15 வாரங்கள் முதலிடத்தில் இருந்தது. கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது என்ற பேச்சு எழவே, அக்குழுவே அதன் விற்பனையை நிறுத்திக்கொண்டது.

வானொலி நிலையங்களும் தொலைக்காட்சி அலைவரிசைகளும் குறைவாக இருந்த காலம் அது. விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் முதலிடப் பாடல் எல்லோர் காதிலும் விழுந்தது. எனவே "ஒரே பாட்டைக் கேட்டோம்" என்பது உண்மை. ஆனால் "ஒரே பாட்டை விரும்பினோம்" என்று அதற்குப் பொருள் கொள்ள முடியாது. இன்று இனிமையாக நினைவுகூரப்படும் பாடல்களுள் சில, அன்று அலுப்பூட்டியவை.

இரண்டாவது கருத்து: "அன்று எல்லாம் புதிதாக இருந்தது"

இக்கருத்து பதிவுகளோடு குறைவாகவே பொருந்துகிறது. நடன இசையிலும் ராப் இசையிலும் புதுமை நிறையவே இருந்தது. ஜெர்மனியில் உருவான ஸ்னாப்! குழுவின் 'ரிதம் இஸ் எ டான்சர்' (1992), சுவீடனைச் சேர்ந்த ஏஸ் ஆஃப் பேஸ் குழுவின் 'ஆல் தட் ஷீ வான்ட்ஸ்' ஆகியவை ஐரோப்பியக் கண்டத்து நடன இசையைப் பிரித்தானியத் தரவரிசையின் உச்சிக்குக் கொண்டுவந்தன. இருப்பினும் அதே தரவரிசையின் முதலிடத்தைப் பழைய பாடல்களும் பல முறை பிடித்தன.

ரைட்டியஸ் பிரதர்ஸ் 1965இல் பாடிய 'அன்செயின்ட் மெலடி', 'கோஸ்ட்' திரைப்படத்தால் மீண்டும் புகழ்பெற்று 1990இல் ஐக்கிய இராச்சியத்தில் அதிகம் விற்ற ஒற்றைப்பாடல் ஆனது. ஸ்டீவ் மில்லர் பேண்ட் 1973இல் வெளியிட்ட 'தி ஜோக்கர்' 1990இலும், தி கிளாஷ் குழு 1982இல் வெளியிட்ட 'ஷுட் ஐ ஸ்டே ஆர் ஷுட் ஐ கோ' 1991இலும் முதலிடம் பெற்றன. இரண்டுக்கும் காரணம் லீவைஸ் ஜீன்ஸ் விளம்பரங்கள். தி கிளாஷ் குழு அதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன்பே கலைந்துவிட்டிருந்தது. 1991 நவம்பரில் ஃபிரெட்டி மெர்குரி மறைந்தபின், 1975ஆம் ஆண்டின் 'பொஹீமியன் ராப்சடி' மீண்டும் முதலிடத்துக்கு வந்தது.

மேலே கண்ட நெடுநாள் முதலிடப் பாடல்களிலும் இரண்டு மறுபாடல்கள். 'ஐ வில் ஆல்வேஸ் லவ் யூ' பாடலை எழுதி 1974இல் முதலில் வெளியிட்டவர் டாலி பார்ட்டன். 'லவ் இஸ் ஆல் அரவுண்ட்' தி ட்ராக்ஸ் குழுவின் 1967ஆம் ஆண்டுப் பாடல். 1992இல் ஆபா குழுவின் பாடல்களை எரேஷர் இணை மீண்டும் பாடி முதலிடம் பெற்றது. அதே ஆண்டில் 'ஆபா கோல்ட்' தொகுப்பும் வந்தது. ஆக, இன்று பலர் ஏங்கும் அந்தத் தரவரிசையே அறுபதுகளையும் எழுபதுகளையும் எண்ணி ஏங்கிக்கொண்டிருந்தது.

நினைவேக்கம் எளிதாகக் கடந்துவிடும் முதலிடங்களும் உண்டு. 1993 கிறிஸ்துமஸ் வாரத்தில் ஐக்கிய இராச்சியத்தில் முதலிடம் பெற்றது, தொலைக்காட்சி நகைச்சுவைப் பாத்திரமான மிஸ்டர் பிளாபியின் பாடல்.

மூன்றாவது கருத்து: "அன்று பாடியவை உண்மையான குரல்கள்"

கணினியால் குரல் திருத்தும் வழக்கம் அன்று இல்லாததால் இக்கருத்து எழுகிறது. ஆனால் பாடியவர் ஒருவர், மேடையில் தோன்றியவர் வேறொருவர் என்ற நிலை பரவலாகப் பேசப்பட்ட காலமும் அதுவே.

மில்லி வனில்லி இணை 1990 பிப்ரவரியில் சிறந்த புதுக் கலைஞருக்கான கிராமி விருதைப் பெற்றது. இசைத்தொகுப்பில் ஒலித்தவை அவர்களின் குரல்கள் அல்ல என்று தயாரிப்பாளர் ஃபிராங்க் ஃபாரியன் அதே ஆண்டு நவம்பரில் ஒப்புக்கொண்டார். விருது திரும்பப் பெறப்பட்டது.

இதைவிடக் குறைவாகப் பேசப்பட்டது மார்த்தா வாஷ் என்னும் பாடகியின் நிலை. இத்தாலியின் பிளாக் பாக்ஸ் குழுவுக்கு அவர் பாடிய பாடல்களின் காணொளிகளில் ஒரு விளம்பர அழகி வாயசைத்தார். சி+சி மியூசிக் ஃபாக்டரி குழுவின் 'கோன்னா மேக் யூ ஸ்வெட்' 1991 பிப்ரவரியில் அமெரிக்காவில் முதலிடம் பெற்றது. அதன் புகழ்பெற்ற பெண் குரல் மார்த்தா வாஷுடையது. காணொளியில் வாயசைத்தவர் வேறொருவர். அவரது உடல் பருமன் காரணமாகவே திரையில் மறைக்கப்பட்டார் என்பது அவர் தரப்புக் கருத்து. அவர் வழக்குகள் தொடுத்தார். அவை சமரசத்தில் முடிந்தன. பாடியவரின் பெயரைக் குறிப்பிட வேண்டும் என்ற வழக்கம் நடன இசைத்துறையில் உறுதிப்பட இவ்வழக்குகள் முக்கியக் காரணமாயின.

பிளாக் பாக்ஸ் குழுவின் முந்தைய வெற்றிப் பாடலான 'ரைட் ஆன் டைம்' (1989) லொலேட்டா ஹாலோவே 1980இல் பாடிய பாடலிலிருந்து குரலை வெட்டி எடுத்துப் பயன்படுத்தியது. பழைய பதிவின் துண்டைப் புதுப் பாடலில் சேர்க்கும் இம்முறை 'சாம்ப்ளிங்' எனப்படும். அனுமதியின்றி இவ்வாறு எடுப்பது தவறு என்று 1991 டிசம்பரில் நியூயார்க்கில் ஒரு நீதிமன்றம் ராப் கலைஞர் பிஸ் மார்க்கி தொடர்பான வழக்கில் தீர்ப்பளித்தது. அதன்பின் முன் அனுமதி பெறுவது துறையின் பொது நடைமுறை ஆனது.

ஒரு பாடலை இனிமையாக நினைப்பவர் பெரும்பாலும் காணொளியில் கண்ட முகத்தையே நினைக்கிறார். பாடியவரின் பெயர் நினைவில் தங்காவிட்டால், அன்று அவருக்கு நேர்ந்த அநீதி நினைவிலும் தொடர்கிறது. இக்காரணத்தால் பதிவுகளைச் சரிபார்ப்பது தேவையாகிறது.

தெற்காசியத் தொடர்பு

பர்மிங்காமைச் சேர்ந்த பஞ்சாபி வழிப் பாடகர் அப்பாச்சி இந்தியன், ஜமைக்காவின் ரெகே இசையையும் பாங்ரா இசையையும் கலந்து பாடினார். 1993இல் அவரது 'பூம் ஷாக்-அ-லாக்' பிரித்தானியத் தரவரிசையில் முதல் ஐந்து இடங்களுக்குள் வந்தது. பின்னர் ஏ. ஆர். ரகுமான் இசையில் 'லவ் பேர்ட்ஸ்' (1996) என்னும் தமிழ்த் திரைப்படத்தில் 'நோ பிராப்ளம்' பாடலை அவர் பாடினார்.

நினைவு ஏன் தேர்ந்தெடுக்கிறது?

நினைவேக்கத்தைக் குறிக்கும் 'நாஸ்டால்ஜியா' என்ற சொல்லை 1688இல் யோஹன்னஸ் ஹோஃபர் என்ற மருத்துவ மாணவர் உருவாக்கினார். ஊரைப் பிரிந்து தொலைவில் வாழ்ந்த சுவிட்சர்லாந்து நாட்டவரின் நோயாக அவர் அதைக் கருதினார். இன்றைய உளவியல் அதனை நோயாகக் கருதுவதில்லை.

வயதானவர்களிடம் வாழ்க்கை நிகழ்வுகளைக் கேட்டால், ஏறத்தாழ 10 முதல் 30 வயது வரையான நிகழ்வுகளையே அதிகம் சொல்கின்றனர். இசைக்கும் இது பொருந்தும். ஒருவர் தம் 23 அல்லது 24 வயதில் புகழ்பெற்றிருந்த பாடல்களையே மிகவும் விரும்பும் போக்கு உள்ளது என ஹோல்புரூக், ஷிண்ட்லர் ஆகியோர் 1989இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. முதல் வேலை, நட்பு, காதல் ஆகியவை நிகழும் வயது அது. பாடல் அவற்றோடு சேர்ந்தே மனத்தில் பதிகிறது.

இரண்டாவது காரணம் காலத்தின் சல்லடை. இன்றைய பாடல்களில் நல்லதையும் அல்லாததையும் சேர்த்தே கேட்கிறோம். முப்பது ஆண்டுகளுக்கு முந்தியவற்றில் வானொலியும் திரைப்படங்களும் மீண்டும் மீண்டும் தேர்ந்தெடுத்தவை மட்டுமே காதில் விழுகின்றன. இவ்விரண்டையும் ஒப்பிடுவது நெல்லோடு அரிசியை ஒப்பிடுவது போன்றது.

இன்றைய நிலை

ஐக்கிய இராச்சியத்தில் 2014 முதல் இணையவழி கேட்பும் தரவரிசைக் கணக்கில் சேர்ந்தது. ஞாயிறு அறிவிப்பு 2015இல் வெள்ளிக்கு மாறியது. கடையில் புதிதாக வாங்கியதை மட்டும் எண்ணிய பட்டியல், இன்று பழைய பாடலை மறுபடி கேட்பதையும் எண்ணுகிறது. மரியா கேரியின் 'ஆல் ஐ வான்ட் ஃபார் கிறிஸ்துமஸ் இஸ் யூ' 1994இல் ஐக்கிய இராச்சியத்தில் இரண்டாம் இடத்தோடு நின்றது. அமெரிக்காவில் அது ஒற்றைப்பாடலாக விற்கப்படாததால் ஹாட் 100 பட்டியலில் நுழையவே முடியவில்லை. அதே பாடல் 2019இல் அமெரிக்காவிலும் 2020இல் ஐக்கிய இராச்சியத்திலும் முதலிடம் பெற்றது.

இதனால் நினைவேக்கம் இன்று தனிமனிதரின் உணர்வாக மட்டும் இல்லாமல் தரவரிசையையே மாற்றும் ஆற்றலாகவும் உள்ளது. பழைய பாடல் ஒவ்வொரு முறை ஒலிக்கும்போதும் யாருக்கோ பெயரும் வருவாயும் சேர்கின்றன. அவை உரியவருக்குச் சேர வேண்டுமானால் பாடியவர் யார், எழுதியவர் யார் என்பதும் பாடலோடு சேர்ந்து நினைவில் நிற்க வேண்டும்.