இதெல்லாம் போனில் பேசுகிற விஷயமில்லை

1992-ல் உக்ரைனை விட்டுக் கிளம்பியபோது அந்த அம்மா எடுத்துக்கொண்ட சாமான்களில் பேனாக்களும், சோவியத் அரசு பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடுத்த 20 நோட்டுப் புத்தகங்களும் இருந்தன. அமெரிக்காவில் மகனைப் பள்ளியில் சேர்த்தால் நோட்டுக்கும் பேனாவுக்கும் காசு செலவாகுமே என்ற கணக்குதான். மகனுக்கு 16 வயது. கூடவே பாட்டி. அப்பா பின்னால் வந்து சேர்ந்துகொள்வதாகப் பேச்சு. கடைசிவரை அவரால் வர முடியவில்லை. 1997-ல் உக்ரைனிலேயே காலமானார்.

அந்தப் பையனின் பெயர் ஜான் கூம். இன்று காலை உங்கள் குடும்ப குரூப்பில் ரோஜாப்பூ படத்தோடு ஒரு ‘இனிய காலை வணக்கம்’ வந்து விழுந்திருந்தால், அது வந்த பாதையைப் போட்ட இருவரில் ஒருவர் அவர்.

கூம் வளர்ந்தது கீவ் நகருக்கு வெளியே உள்ள ஃபாஸ்திவ் என்ற சிறு நகரில். யூதக் குடும்பம். அப்பா கட்டட வேலைகளை மேற்பார்ப்பவர். அம்மா வீட்டைப் பார்த்துக்கொண்டார். குழாயில் சுடுநீர் வராத வீடு. உக்ரைன் குளிரில் அது சின்னக் குறையல்ல. வீட்டில் போன் இருந்தும் மனம்விட்டுப் பேச முடியாது. மறுமுனையில் அரசாங்கம் ஒட்டுக்கேட்கும் என்ற பயம். யாராவது கொஞ்சம் விவரமாகக் கேட்டுவிட்டால், “இதெல்லாம் போன்ல பேசற விஷயமில்ல, நேர்ல சொல்றேன்” என்று அம்மா பேச்சை வெட்டிவிடுவாராம். 2014-ல் கூமே இதை நினைவுகூர்ந்து எழுதினார். அது பின்னால் வருகிறது.

கலிபோர்னியாவின் மவுன்டன் வியூவில் அரசு உதவியோடு ஒரு இரண்டு படுக்கையறை வீடு கிடைத்தது. அம்மா பிள்ளை பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போனார். மகன் ஒரு மளிகைக் கடையில் தரை கூட்டினார். சாப்பாட்டுக்கு ‘ஃபுட் ஸ்டாம்ப்’. நம்மூர் ரேஷன் போன்ற ஏற்பாடுதான். ஆனால் அரிசி பருப்பாகத் தராமல் அன்று கூப்பனாகத் தந்தார்கள், அதைக் கொண்டுபோய் சாதாரணக் கடையிலேயே உணவுப்பொருள் வாங்கிக்கொள்ள முடிந்தது. கூப்பன் வாங்க சமூக நலத்துறை அலுவலகத்தில் வரிசையில் நிற்க வேண்டியிருந்தது. பிறகு அம்மாவுக்குப் புற்றுநோய் வந்தது. உடல்நலம் குன்றியவர்களுக்கு அரசு தரும் உதவித்தொகையில் குடும்பம் ஓடியது.

பள்ளியில் அடங்காத பிள்ளை என்று பெயர் எடுத்தாலும், 18 வயதுக்குள் கம்ப்யூட்டர் நெட்வொர்க்கிங்கைத் தானே கற்றுக்கொண்டார் கூம். கற்ற விதம் சுவாரசியமானது. பழைய புத்தகக் கடையில் தடித்தடியான கையேடுகளை வாங்கி வருவார், படித்து முடித்ததும் அதே கடையில் திருப்பிக் கொடுத்துவிடுவார்.

ஏழ்மையிலிருந்து எழுந்தவர் கதை என்றாலே ‘தன் கையே தனக்குதவி’ என்று எழுதிவிடுவது வழக்கம். இந்தக் கதையில் மற்றவர்களின் கை நிறைய இடங்களில் தட்டுப்படுகிறது. வீடு அரசு உதவியில். சாப்பாடு அரசு கூப்பனில். படிக்கப் போன சான் ஹோசே மாநிலப் பல்கலைக்கழகம் அரசுப் பல்கலை. அவர் பழகிய இயங்குதளமான ஃப்ரீபிஎஸ்டி, பெர்க்லியில் கலிபோர்னியா பல்கலைக்கழகம் உருவாக்கிய மென்பொருளிலிருந்து கிளைத்தது. தன்னார்வலர்கள் வளர்த்து இலவசமாகக் கொடுப்பது. யாஹூவில் வேலை கிடைத்ததற்கு அது ஒரு முக்கியக் காரணம், வறுமையிலிருந்து தன்னைத் தூக்கிவிட்டதில் அதற்கும் பங்குண்டு என்று கூமே பின்னாளில் சொன்னார். 2014-ல் அதை ஆதரிக்கும் அறக்கட்டளைக்கு 10 லட்சம் டாலர் நன்கொடை கொடுத்தார்.

யாஹூவுக்கு அவர் போனதும் நேர்வழியில் அல்ல. 1997-ல் எர்ன்ஸ்ட் அண்ட் யங் நிறுவனத்துக்காக, யாஹூவின் விளம்பர அமைப்பில் பாதுகாப்பு ஓட்டை இருக்கிறதா என்று பார்க்கப் போனார். அங்கே எதிர் மேஜையில் இருந்தவர் பிரையன் ஆக்டன். சில மாதங்களில் கூமும் யாஹூ ஊழியர். சேர்ந்து இரண்டே வாரத்தில் சர்வர் படுத்துவிட்டது. நிறுவனர்களில் ஒருவரான டேவிட் ஃபிலோ போன் செய்தால், வகுப்பில் இருக்கிறேன் என்று இவர் கிசுகிசுக்கிறார். வகுப்பில் உனக்கு என்னய்யா வேலை, உடனே ஆபீஸுக்கு வா என்று மறுமுனையில் திட்டு. கல்லூரிப் படிப்பு அத்தோடு போயிற்று. 2000-ல் அம்மாவும் போய்ச் சேர்ந்தபோது கூம் தனியாள். அப்போது வீட்டுக்கு அழைத்து, கூட இருந்து, நண்பராக நின்றவர் ஆக்டன்.

இருவரும் செப்டம்பர் 2007-ல் யாஹூவிலிருந்து விலகினார்கள். ஃபேஸ்புக்கில் வேலை கேட்டார்கள், இருவருக்குமே கிடைக்கவில்லை. ட்விட்டரும் தன்னை வேண்டாமென்றதை ஆக்டன் 2009-ல் ட்விட்டரிலேயே எழுதினார்; பரவாயில்லை, தினமும் அவ்வளவு தூரம் போய்வர வேண்டியிருந்திருக்கும் என்று ஒரு சமாதானம் வேறு.

ஜனவரி 2009-ல் கூம் ஒரு ஐபோன் வாங்கினார். போனில் உள்ள ஒவ்வொருவர் பெயருக்குப் பக்கத்திலும் ‘ஜிம்மில் இருக்கிறேன்’, ‘பேட்டரி தீரப்போகிறது’ என்று ஒரு வரி தெரிந்தால் எப்படியிருக்கும்? இவ்வளவுதான் முதல் யோசனை. தன் பிறந்தநாளான பிப்ரவரி 24 அன்று வாட்ஸ்அப் நிறுவனத்தைப் பதிவு செய்தார். செயலி அடிக்கடி முடங்கியது. நண்பர்களிலும் வெகு சிலரே அதைச் சீண்டினார்கள். விட்டுவிட்டு வேலை தேடப்போகிறேன் என்றவரை, இப்போது விட்டால் உன்னைப் போல முட்டாள் கிடையாது, இன்னும் சில மாதம் பார் என்று தடுத்தவரும் ஆக்டன்தான். ஜூனில் ஆப்பிள், செயலி திறந்திராதபோதும் அறிவிப்பு அனுப்பும் வசதியைக் கொண்டுவந்தது. ஒருவர் தன் வரியை மாற்றினால் நண்பர்கள் போனில் மணி அடிக்கும். ஜனங்கள் அதை வைத்தே ஒருவரோடொருவர் பேச ஆரம்பித்தார்கள். கூம் அதைப் பார்த்துக்கொண்டு செயலியைச் செய்தி அனுப்பும் கருவியாகவே மாற்றினார். இரண்டரை லட்சம் பேர் வந்துவிட்டார்கள்.

இந்த இடத்தில்தான் ஃபாஸ்திவ் வீடு ஞாபகத்துக்கு வருகிறது. வாட்ஸ்அப் பெயர் கேட்கவில்லை, மின்னஞ்சல் கேட்கவில்லை, பிறந்தநாள் கேட்கவில்லை. போன் நம்பர் ஒன்றே போதும். செய்தி போய்ச் சேர்ந்ததும் சர்வரிலிருந்து நீக்கப்படும். ஐபோனோடு நிற்காமல் பிளாக்பெர்ரிக்கும், மலிவான நோக்கியா போன்களுக்கும் அதைக் கொண்டுபோனார்கள். எஸ்எம்எஸ்ஸுக்குக் காசு எண்ணிக் கொடுத்துக்கொண்டிருந்த நாடுகளில் அது பற்றிக்கொண்டதற்கு இதுவே பாதிக் காரணம். அப்போது வருடத்துக்கு 99 சென்ட் சந்தா இருந்தது, விளம்பரம் இல்லை. யாஹூவில் இத்தனை வருடம் விளம்பரத்தோடு மாரடித்த இருவருக்கும் அதைக் கண்டாலே ஆகாது. ‘விளம்பரம் கிடையாது, விளையாட்டு கிடையாது, வித்தை கிடையாது’ என்ற பொருளில் ஆக்டன் எழுதிக்கொடுத்த ஒரு சீட்டு கூமின் மேஜையில் ஒட்டியிருந்தது.

பிப்ரவரி 19, 2014 அன்று ஃபேஸ்புக் வாட்ஸ்அப்பை வாங்குவதாக அறிவித்தது. ஆம், வேலை தராத அதே ஃபேஸ்புக். விலை 1,900 கோடி டாலர்: 400 கோடி ரொக்கம், மீதி பங்குகள். அப்போது வாட்ஸ்அப்பைப் பயன்படுத்தியவர்கள் 45 கோடிப் பேர். வேலை பார்த்தவர்கள் 55 பேர், அதில் இன்ஜினீயர்கள் 32. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட கூமும் ஆக்டனும், பணம் போட்டிருந்த செக்கோயா நிறுவனத்தின் ஜிம் கோட்ஸும் ஆபீஸிலிருந்து கொஞ்ச தூரம் காரில் போனார்கள். ஆள் புழங்காத ஒரு வெள்ளைக் கட்டடம். கூம் ஒரு காலத்தில் கூப்பனுக்கு வரிசையில் நின்ற சமூக நலத்துறை அலுவலகம். அதன் கதவில் காகிதத்தை வைத்துக் கையெழுத்திட்டார்கள். நாடகத்தனம் என்றால் நாடகத்தனம்தான். ஆனால் இந்த நாடகத்துக்கு உரிமை உள்ளவர் அங்கே ஒருவர் இருந்தார்.

வாங்கியது யார் என்று தெரிந்ததும் பயனாளர்கள் கலங்கிப்போனார்கள். அடுத்த மாதம் கூம் எழுதிய விளக்கத்தில்தான் அம்மாவின் அந்த போன் பேச்சு வருகிறது. அந்தரங்கம் என்பது தன் ரத்தத்தில் ஊறியது, அதை விட்டுத்தரும்படி இருந்தால் இந்தக் கூட்டுக்கே சம்மதித்திருக்க மாட்டேன் என்பது அதன் சாரம். ஏப்ரல் 2016-ல் அனுப்புபவரும் பெறுபவரும் தவிர வேறு யாரும், வாட்ஸ்அப் நிறுவனமே கூட, செய்தியைப் படிக்க முடியாதபடி முழு மறையாக்கம் வந்தது. அந்த அளவில் வாக்கு நின்றது.

நான்கே மாதம் கழித்து, பயனாளர்களின் போன் நம்பர்களை ஃபேஸ்புக்கோடு பகிர வழிசெய்யும் புதிய விதிகளை வாட்ஸ்அப் வெளியிட்டது. ஒருவரின் ஃபேஸ்புக், வாட்ஸ்அப் கணக்குகளைத் தானாக இணைப்பது சாத்தியமில்லை என்று 2014-ல் ஐரோப்பிய ஆணையத்திடம் ஃபேஸ்புக் சொல்லியிருந்தது. தவறான தகவல் தந்ததற்காக 2017-ல் 11 கோடி யூரோ அபராதம் கட்டியது. விளம்பரத்தில் பிழைக்கும் நிறுவனம், விளம்பரமே வேண்டாமென்கிற செயலியை இவ்வளவு விலை கொடுத்து எதற்கு வாங்கும் என்ற கேள்வி கூமுக்கு அன்றைக்கே தோன்றாமலா இருந்திருக்கும்? நம்பி விற்றாரா, நம்ப விரும்பி விற்றாரா என்பது அவருக்கே வெளிச்சம்.

ஆக்டன் 2017-ல் விலகினார். கைக்கு வரவேண்டியிருந்த சுமார் 85 கோடி டாலர் மதிப்புள்ள பங்குகளை விட்டுவிட்டே போனார். பிறகு சிக்னல் என்ற செய்திச் செயலியின் அறக்கட்டளைக்கு 5 கோடி டாலர் கொடுத்து, ஃபேஸ்புக் கணக்கை அழியுங்கள் என்ற பிரசாரத்திலும் பகிரங்கமாகச் சேர்ந்துகொண்டார். கூம் அப்படிச் சத்தம் போடவில்லை. ஏப்ரல் 2018-ல் விலகுவதாக அறிவித்தபோது, பழைய போர்ஷே கார்களைச் சேகரிக்கப்போவதாகவும் ஃப்ரிஸ்பீ விளையாடப்போவதாகவும் எழுதினார்.

ஜூன் 2025-ல், வாட்ஸ்அப்பின் ‘அப்டேட்ஸ்’ பக்கத்தில் விளம்பரங்கள் வரும் என்று மெட்டா (ஃபேஸ்புக் நிறுவனத்தின் புதிய பெயர்) அறிவித்தது. தனிப்பட்ட உரையாடல்களுக்குள் அவை வராது என்றும் சேர்த்துச் சொன்னது.