பட்டா இருக்கு, சரி. அங்கே கடை வைக்கலாமா?



நகரத்தை ஒட்டிய ஓர் ஊராட்சியில் நம் கூட்டமைப்பைச் சேர்ந்த குழு ஒன்று மசாலா அரைக்கும் மில் போடத் தீர்மானம் போட்டது. வங்கிக் கடனும் கிடைத்தது. ஓர் உறுப்பினரின் வீட்டை ஒட்டிய இடத்தில் கொட்டகை போட்டு மெஷினையும் இறக்கிவிட்டார்கள். சத்தம் தாங்கலை என்று பக்கத்து வீட்டுக்காரர் மனு கொடுத்தார். விசாரிக்க வந்தவர் கேட்ட முதல் கேள்வி, "இது குடியிருப்பு இடமா, வணிக இடமா?" நம்ம பெண்கள் சொன்ன பதில், "பட்டா எங்க பேர்லதான் சார் இருக்கு." மில் நின்றுபோனது. மெஷின் சாக்கு போர்த்திக் கிடக்க, தவணை மட்டும் மாதம் தவறாமல் வந்தது.

தீர்மானம் போட்ட அன்று நாங்களும் கூட இருந்தோம். இந்தக் கேள்வி எங்களுக்கும் தோன்றவில்லை. பிறகு அலைந்து தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறோம்.

பட்டா வருவாய்த் துறை தருவது. நிலம் யாருடையது, நஞ்சையா புஞ்சையா என்று அது சொல்லும். அங்கே வீடு கட்டலாமா, கடை கட்டலாமா, மில் ஓட்டலாமா என்று சொல்வது வேறு கணக்கு. அதற்குப் பெயர் நில உபயோகம். தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம், 1971 என்று ஒன்று இருக்கிறது. அதன்படி நகரங்களுக்கும் அவற்றை ஒட்டிய பல கிராமங்களுக்கும் முழுமைத் திட்டம் போடுகிறார்கள். ஒவ்வொரு சர்வே எண்ணும் குடியிருப்பா, வணிகமா, தொழிற்சாலையா, விவசாயமா என்று வரைபடத்தில் குறித்துவிடுவார்கள். பெரும்பாலும் வீட்டுக்கு மஞ்சள், வணிகத்துக்கு நீலம், தொழிற்சாலைக்குக் கத்தரிப்பூ நிறம். கட்டட அனுமதி ஊராட்சியில் வாங்கினாலும் இந்த வரைபடத்துக்கு உட்பட்டுத்தான் கொடுப்பார்கள்.

அப்போ வீட்டுத் திண்ணையில் பெட்டிக்கடை வைக்கக் கூடாதா என்று பயப்பட வேண்டாம். மளிகை, டீக்கடை, தையல் போன்ற சிறு கடைகளுக்குக் குடியிருப்புப் பகுதியிலும் இடம் உண்டு. கடையின் பரப்பளவுக்கும் மோட்டாரின் குதிரைத் திறனுக்கும் வரம்பு இருக்கிறது. நம்ம குழு மாட்டிக்கொண்டது மோட்டாரில்தான். தையல் மெஷினுக்கும் மசாலா மில்லுக்கும் சட்டம் ஒன்றல்ல! மோட்டார் வாங்கக் கொட்டேஷன் கேட்கும்போதே குதிரைத் திறன் எவ்வளவு என்று குறித்துக்கொண்டு போய் விசாரித்திருக்க வேண்டும்.

கரண்ட் பில்லிலும் வித்தியாசம் உண்டு. வீட்டு இணைப்புக்கு 2016 முதல் கிடைக்கிற 100 யூனிட் இலவசம் கடை இணைப்புக்குக் கிடையாது. வீட்டு மீட்டரிலிருந்து கடைக்கு ஒயர் இழுத்தால் அபராதம் வரும்.

மனை வாங்குகிறவர்களும் இதைப் பாருங்கள். ஷாமியானா போட்டு, பிரியாணி கொடுத்து, "பஞ்சாயத்து அப்ரூவல் இருக்கும்மா" என்பார்கள். கேட்க வேண்டியது நகர் ஊரமைப்புத் துறையின் அங்கீகாரம், அதாவது டிடிசிபி அப்ரூவல். அங்கீகாரமில்லாத மனைகளைப் பத்திரம் பதியக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2016 செப்டம்பரில் தடை போட்டது. குருவி சேர்க்கிற மாதிரி சேர்த்து மனை வாங்கியவர்கள் விற்க முடியாமல் தவித்தார்கள். 2017-ல் வரன்முறைப்படுத்தும் திட்டம் வந்தது. அதுவும் 2016 அக்டோபர் 20-ஆம் தேதிக்குள் விற்பனையான மனைகளுக்குத்தான்.

சரி, மஞ்சளை நீலமாக மாற்ற முடியுமா? முடியும். நில உபயோக மாற்றம் கேட்டு மனுப் போடலாம். உள்ளாட்சித் தீர்மானம், பத்திரிகையில் அறிவிப்பு, ஆட்சேபணை கேட்பது என்று பல படிகள் தாண்டணும். செலவும் நாளும் பிடிக்கும். ஒரு குழுவால் ஆகிற காரியமில்லை என்பதே எங்கள் அபிப்பிராயம். பெரிய முதலாளிகள்தான் அதைச் செய்து முடிக்கிறார்கள். அதனாலேயே நாம் அதைக் கவனிக்க வேண்டியிருக்கிறது. நம்ம தெருவுக்குப் பக்கத்தில் குடோன் வருவதற்கு வழிவிடும் அறிவிப்பும் இப்படித்தான் பேப்பரின் மூலையில் பொடி எழுத்தில் வரும். நாள் கடந்தபின் கத்திப் பயனில்லை.

முழுமைத் திட்டத்தையே புதிதாகப் போடும்போது வரைவை வெளியிட்டு, ஆட்சேபணை சொல்லக் குறைந்தது 2 மாதம் அவகாசம் தரவேண்டும். அந்தச் சமயத்தில் குழுவாக எழுதிக் கொடுங்கள். சர்வே எண், இப்போது அந்த இடம் எப்படிப் பயன்படுகிறது, மாற்றினால் யாருக்கு என்ன பாதிப்பு, இந்த மூன்றும் இருக்கட்டும். ஒப்புகை வாங்காமல் திரும்பாதீர்கள். கிராம சபை 2022 முதல் வருஷத்துக்கு 6 நாள் என்று ஆகியிருக்கிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அங்கேயும் கேட்கலாம். நம்ம சர்வே எண் என்ன உபயோகத்தில் இருக்கிறது என்று நகர் ஊரமைப்பு அலுவலகத்தில் சொல்லவில்லையென்றால், தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005 இருக்கவே இருக்கிறது.

மில் என்னாச்சு என்று கேட்பீர்கள். கடைத்தெருவில் வணிக உபயோகத்தில் உள்ள ஓர் அறையை வாடகைக்குப் பிடித்து, மெஷினை அங்கே மாற்றிவிட்டார்கள். நடுவில் கட்ட முடியாமல் போன தவணையை உறுப்பினர்கள் சேமிப்பிலிருந்து எடுத்துக் கட்டினார்கள். வாடகை போக லாபம் நினைத்த அளவு இல்லை. ஆனால் மெஷின் ஓடுகிறது. இப்போது அந்தக் குழுவில் யார் தொழில் கடன் கேட்டாலும், ஊக்குநர் சர்வே எண்ணைக் கேட்டு வாங்கித் தீர்மானப் புத்தகத்தில் எழுதிய பிறகுதான் மற்ற பேச்சு.