புறநகரில் இரவு ஏன் குளிர்கிறது?



வேலை பெருநகரில், வீடு புறநகரில். உலகெங்கும் எத்தனையோ குடும்பங்கள் இப்படித்தான் வாழ்கின்றன. ஏன் அவ்வளவு தூரம் போய் வீடு கட்டினீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். "மனை விலை குறைவு" என்பார்கள். அடுத்து, "ராத்திரியில் காற்று நன்றாக இருக்கும், கிணற்றில் தண்ணீர் இருக்கும்" என்பார்கள். மனை விலையைப் பொருளாதாரம் படிப்பவர்களுக்கு விட்டுவிடுவோம். காற்றும் தண்ணீரும் நம் பாடம். அவற்றைப் பற்றிச் சற்று சிந்திப்போமா?

லண்டனில் ஓர் ஆராய்ச்சி

வானில் தெரியும் மேகங்களுக்கு இன்று நாம் வழங்கும் கியூமுலஸ், ஸ்ட்ரேட்டஸ், சிர்ரஸ் என்னும் பெயர்களைச் சூட்டியவர் லூக் ஹோவர்டு என்ற ஆங்கிலேயர். மருந்துத் தயாரிப்பு அவர் தொழில். வானிலையைக் கவனிப்பது அவர் விருப்பம். லண்டனுக்கு வெளியே இருந்த பிளேஸ்டோ, டாட்டன்ஹாம் போன்ற ஊர்களில் அவர் நாள்தோறும் வெப்பநிலையைக் குறித்து வந்தார். அவற்றை லண்டன் நகருக்குள் எடுக்கப்பட்ட அளவுகளுடன் ஒப்பிட்டார். 1818-லும் 1820-லும் முடிவுகளை நூலாக வெளியிட்டார்.

அவர் கண்டது என்ன? பகலில் நகருக்கும் புறநகருக்கும் அதிக வேறுபாடு இல்லை. இரவிலோ நகரம் சராசரியாக 3.7 டிகிரி ஃபாரன்ஹீட் கூடுதல் வெப்பமாக இருந்தது. அதாவது ஏறத்தாழ 2 டிகிரி செல்சியஸ். சுற்றிலும் குளிர்ந்த நிலம், நடுவே சூடான நகரம். கடலின் நடுவே தீவு இருப்பதுபோல இது இருப்பதால், இதை 'நகர வெப்பத் தீவு' என்று அறிவியலார் குறிப்பிடுகிறார்கள்.

வெப்பம் எங்கே ஒளிந்துகொள்கிறது?

காரணங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலாவது, கட்டடங்களும் சாலைகளும். கான்கிரீட், செங்கல், தார் ஆகியவை பகல் முழுதும் வெயிலை உறிஞ்சிச் சேமிக்கின்றன. பொழுது சாய்ந்ததும் அதை மெல்ல மெல்ல வெளிவிடுகின்றன. மாலை ஏழு மணிக்கு மொட்டைமாடித் தரையில் வெறுங்காலுடன் நின்றால் இது தெரியும்.

இரண்டாவது, வானம் மறைக்கப்படுவது. இரவில் நிலம் தன் வெப்பத்தைக் கதிர்வீச்சாக வானை நோக்கி அனுப்பித்தான் குளிர்கிறது. வயல்வெளிக்கு மேலே வானம் முழுதும் திறந்திருக்கிறது. குறுகிய தெருவின் இரு பக்கமும் உயர்ந்த கட்டடங்கள் நின்றால், ஒரு சுவர் விடும் வெப்பத்தை எதிர்ச்சுவர் வாங்கிக்கொள்கிறது.

மூன்றாவது, மோட்டார் வண்டிகள், ஆலைகள், குளிர்சாதனங்கள் ஆகியவை வெளியேற்றும் வெப்பம்.

நான்காவதும் முக்கியமானது. நகரில் ஈரம் இல்லை. ஒரு கிராம் நீரை 0 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குச் சூடாக்க 100 கலோரி போதும். ஆனால் சாதாரண வெப்பநிலையில் ஒரு கிராம் நீர் ஆவியாக ஏறத்தாழ 580 கலோரி வேண்டும்! இந்த உள்ளுறை வெப்பத்தைச் சுற்றுப்புறத்திலிருந்துதான் நீர் எடுத்துக்கொள்கிறது. ஒரு பெரிய மரம் இலைகள் வழியே நாளொன்றுக்கு 100 லிட்டர் நீரை ஆவியாக்குகிறது என்று கொள்வோம். அது எடுத்துக்கொள்ளும் வெப்பம் 58,000 கிலோ கலோரி. ஒரு டன் குளிர்சாதனப் பெட்டி மணிக்குச் சுமார் 3,000 கிலோ கலோரி வெப்பத்தையே நீக்கும். ஆகவே அந்த மரத்தின் ஒரு நாள் வேலையைச் செய்ய அது 19 மணி நேரத்துக்கு மேல் ஓட வேண்டும். மரம் மின்சாரக் கட்டணம் கேட்பதில்லை!

தாம்பரத்துக்கு வருவோம்

சென்னைக் கடற்கரை நிலையத்திலிருந்து சுமார் 29 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது தாம்பரம். 1928-ல் டாக்டர் டேவிட் சௌரிமுத்து இங்கே காசநோய் மருத்துவமனை ஒன்றைத் தொடங்கினார். ஸ்ட்ரெப்டோமைசின் மருந்து கண்டுபிடிக்கப்படாத காலம் அது. தூய காற்று, ஓய்வு, நல்ல உணவு ஆகியவையே அன்றைய சிகிச்சை. 'தாம்பரம் சானடோரியம்' என்ற ரயில் நிலையப் பெயர் இன்றும் அதை நினைவூட்டுகிறது.

1931-ல் கடற்கரை நிலையத்துக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. 1937-ல் சென்னைக் கிறித்தவக் கல்லூரி இங்கு இடம் பெயர்ந்தது. அக்கல்லூரியின் வேதியியல் பேராசிரியர் எட்வர்டு பார்ன்ஸ் வளாகத்தில் ஏராளமான மரங்களை நட்டு வளர்த்தார். முந்நூறு ஏக்கருக்கு மேற்பட்ட அந்தக் காட்டில் இன்றும் புள்ளிமான்கள் திரிகின்றன.

ஒன்றை மறக்கக்கூடாது. கோடைப் பகலில், கடற்காற்று முதலில் கரையைத்தான் குளிர்விக்கும். உள்ளே தள்ளியிருக்கும் ஊர்களுக்கு அது தாமதமாகவே வந்து சேரும். அதனால் நண்பகலில் புறநகர் அதிக வெப்பமாக இருப்பதும் உண்டு. இரவில்தான் அதன் திறந்த நிலமும் மரங்களும் பலன் தருகின்றன.

ஏரிகளின் வேலை

தாம்பரம், பல்லாவரம் பகுதியில் மண்ணுக்கு அடியில் இருப்பது சார்னோகைட் என்னும் கடினமான பாறை. அதில் நீர் ஊறாது. பாறைக்கு மேலுள்ள மண்ணிலும், பாறையின் விரிசல்களிலும் மட்டுமே நீர் தங்கும். மழைநீரை நிறுத்தி வைத்து மெதுவாக நிலத்துக்குள் இறக்குபவை ஏரிகளே. ஓர் ஏரி நிரம்பினால் கலங்கல் வழியே அடுத்த ஏரிக்கு நீர் போகும். சேலையூர், செம்பாக்கம் முதலிய ஏரிகளின் மிகுதி நீர் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தைச் சேர்கிறது.

ஏரியும் வாய்க்காலும் வீட்டு மனைகளாக மாறினால் என்ன ஆகும்? 2015 டிசம்பர் 2 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் சுமார் 49 சென்டிமீட்டர் மழை பெய்தது. 100 சதுர மீட்டர் மொட்டைமாடியில் மட்டும் 49,000 லிட்டர் நீர் விழுந்தது என்று பொருள். அடையாற்றை ஒட்டிய முடிச்சூரில் வீடுகள் மூழ்கின. நான்கே ஆண்டுகளில், 2019 கோடையில், சென்னையின் குடிநீர் ஏரிகள் வறண்டன. குடங்கள் லாரித் தண்ணீருக்கு வரிசையில் நின்றன. வெள்ளமும் வறட்சியும் வேறு வேறு நோய்கள் அல்ல. மழையைத் தேக்கும் இடம் குறைந்தால் இரண்டுமே கடுமையாகின்றன.

லூக் ஹோவர்டு அளவெடுத்த பிளேஸ்டோவும் டாட்டன்ஹாமும் இன்று லண்டன் மாநகருக்குள் அடங்கிவிட்டன. தாம்பரமும் 2021-ல் தனி மாநகராட்சியாகிவிட்டது. குளிர்ந்த காற்றையும் கிணற்றையும் தேடி மக்கள் வருகிறார்கள். வருகிறவர்கள் முற்றம் முழுதும் சிமெண்ட் பூசி, ஏரிக்கு வரும் கால்வாயைத் தூர்த்துவிட்டால், தேடி வந்தவை இரண்டும் அவர்களுக்கே இல்லாமற் போகும். முற்றத்தில் பாதியை மண்ணாக விட்டு, ஒரு வேப்பமரம் வைத்து, மழைநீர்க் குழியைத் தூர் வாரினால் அந்த அளவுக்கேனும் அவை நிலைக்கும்.

நீங்களே செய்து பாருங்கள்

ஒரே மாதிரியான இரண்டு வெப்பமானிகளை வாங்குங்கள். பத்து நிமிடம் அருகருகே வைத்து, இரண்டும் ஒரே அளவு காட்டுகின்றனவா என்று பாருங்கள். வேறுபாடு இருந்தால் குறித்துக்கொண்டு, பின்னர் கணக்கில் கழித்துவிடுங்கள்.

ஒன்றை மரத்தடியில் மண் தரைக்கு ஒரு மீட்டர் உயரத்தில் தொங்கவிடுங்கள். மற்றதைச் சிமெண்ட் தரைக்கு மேல், அதே உயரத்தில், ஓர் அட்டையின் நிழலில் தொங்கவிடுங்கள். நேர் வெயில் பட்டால் வெப்பமானி காற்றின் வெப்பத்தைக் காட்டாது. தன் மேல் விழும் வெயிலின் சூட்டையே காட்டும். பிற்பகல் 3 மணிக்கும் இரவு 9 மணிக்கும் ஏழு நாள்கள் குறியுங்கள். நகரத்தில் உங்கள் நண்பர் இருந்தால் அவரையும் இதே நேரத்தில் அளக்கச் சொல்லுங்கள். எந்த நேரத்தில் வேறுபாடு அதிகம்? ஏன்? வரைபடம் வரைந்து உங்கள் அறிவியல் ஆசிரியரிடம் காட்டுங்கள்.